அகன்ற இலையைக் கொல்லும் மருந்து

நம் பக்கத்தில் களைக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை. களை மருந்து என்பார்கள். பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, வேரழுகலுக்கு ஊற்றுவதும் மருந்து, களையைக் கருக்குவதும் மருந்துதான். "அவன் மருந்தைக் குடிச்சுட்டான்" என்று ஊரில் ஒரு குரல் எழுந்தால், அது ஆஸ்பத்திரி மருந்து இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விஷத்துக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. டெப்போ வாசலில் நின்று "மருந்து வந்துருச்சா சார்?" என்று கேட்ட நூற்றுக்கணக்கான முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

சிறு வயதில் நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் களைக்கு 'மொவேஸ் எர்ப்' என்று பெயர். கெட்ட புல் என்று பொருள். தமிழில் களை என்றால் களையப்படுவது, அவ்வளவுதான். செடி நல்லதா கெட்டதா என்ற பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. வேண்டாத இடத்தில் முளைத்தது, பிடுங்கிப் போடு என்கிறது. பருத்திக்குள் முளைத்த சோளமும் களை, சோளத்துக்குள் முளைத்த பருத்தியும் களை. இந்த வித்தியாசம் இந்தக் கட்டுரைக்குப் பின்னால் தேவைப்படும்.

பயிருக்கு நடுவே நிற்கும் களையை மட்டும் கொன்று, பயிரை விட்டுவிடும் மருந்து ஒன்று கிடைக்காதா என்ற ஆசை உழவன் மனத்தில் எப்போதும் இருந்திருக்கும். அது முதன்முதலில் நிறைவேறியது பிரான்சில், அதுவும் தற்செயலாக.

போர்டோ கலவை நம் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலத் தண்ணீர். வெற்றிலைக் கொடிக்காலில் அடிப்பார்கள். போர்டோ என்பது பிரெஞ்சுத் துறைமுக நகரம். அதன் பக்கத்தில் மெதோக் என்ற திராட்சைச் சீமை. பாதையோரத்துத் திராட்சைக் குலைகளை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க, தோட்டக்காரர்கள் இந்த நீலக் கலவையைத் தெளித்து வைப்பது வழக்கம். மற்றக் கொடிகள் நோயில் இலை கொட்டி நிற்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருந்ததை 1882-ல் மில்யார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885-ல் அதை எழுதி வெளியிட்டார். திருடனுக்குப் பூசியது நோய்க்கு மருந்தானது.

கதை அதோடு முடியவில்லை. 1896-ல் வடகிழக்குப் பிரான்சின் மார்ன் பகுதியில் போனே என்ற திராட்சைக்காரர், இந்தக் கலவை பட்ட இடத்தில் காட்டுக் கடுகின் இலை கறுத்துக் கருகுவதைப் பார்த்தார். சுண்ணாம்பை விட்டுவிட்டு மயில்துத்தத்தை மட்டும் தண்ணீரில் கரைத்து, ஓட்ஸ் வயலில் கடுகுக் களை மேல் அடித்துப் பார்த்தார். கடுகு செத்தது, ஓட்ஸ் நின்றது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு சிலர் இதையே கண்டார்கள்.

ஏன் ஓட்ஸ் சாகவில்லை? தானியப் பயிரெல்லாம் புல் சாதி. நெல், சோளம், கம்பு, கோதுமை, மக்காச்சோளம் எல்லாமே புல்தான். இலை குறுகலாக, நிமிர்ந்து நிற்கும். மேலே மெழுகு பூசினாற்போல் இருக்கும். துளி விழுந்தால் உருண்டு ஓடிவிடும். குருத்து உறைக்குள் ஒளிந்திருக்கும். கடுகுக்கோ இலை அகலம், படுக்கை வசம், மேலெல்லாம் சுணை. விழுந்த துளி அங்கேயே தங்கும். குருத்து உச்சியில் திறந்து கிடக்கும். ஆக, அந்த மருந்துக்கு எது பயிர், எது களை என்ற அறிவு ஏதும் இல்லை. இலையின் அகலம் ஒன்றுதான் கணக்கு.

அதற்குப் பிறகு நாற்பது வருடம் பிரெஞ்சுக்காரர்கள் இந்த வழியிலேயே போனார்கள். ரபாத்தே என்பவர் கந்தக அமிலத்தை நீர்க்க வைத்துத் தானிய வயலில் அடிக்கச் சொன்னார். அமிலம் ஸ்பிரேயரையும் தின்றது, அடித்தவன் வேட்டியையும் தின்றது. 1930-களின் தொடக்கத்தில் த்ரூஃபோ, பஸ்தாக் என்ற இருவர் டி.என்.ஓ.சி. என்ற மஞ்சள் சாயப் பொருளுக்குக் களைக்கொல்லியாகக் காப்புரிமை பெற்றார்கள். கரிமச் சேர்மங்களில் முதல் தேர்வுக் களைக்கொல்லி இதுதான். அடித்தவர்களின் தோலும் நகமும் மஞ்சளாகிவிடும். இரண்டாம் போருக்குப் பின் இங்கிலாந்தில் இதை அடித்த கூலியாட்கள் சிலர் செத்துப் போனார்கள். அதனால்தான் அங்கே 1952-ல் விவசாய நச்சுப் பொருள் சட்டம் வந்தது. சாவு முன்னே, சட்டம் பின்னே.

உண்மையான திருப்பம் வந்தது போர்க் காலத்தில். செடியின் நுனியில் ஆக்சின் என்று ஒன்று ஊறுகிறது, அதுதான் செடியை வளைக்கிறது, நீட்டுகிறது என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். 1940-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஜெலட்ஸ் ஹில் ஆராய்ச்சிப் பண்ணையில் டெம்பிள்மன் என்பவர் ஆக்சின் போன்ற ஒரு பொருளை ஓட்ஸ் வயலில் தெளித்தார். மறுபடியும் அதே காட்டுக் கடுகு! கடுகு செத்தது, ஓட்ஸுக்குப் பெரிய கேடில்லை. ஆனால் இம்முறை இலை கருகிச் சாகவில்லை. தண்டு முறுக்கிக் கொண்டு, வீங்கி, வெடித்து, அளவுக்கு மீறி வளர்ந்து வளர்ந்தே செத்தது. பசியால் சாகாமல் அஜீரணத்தால் சாவது மாதிரி.

அந்தத் தேடலில் கிடைத்தவைதான் எம்.சி.பி.ஏ.வும் 2,4-டியும். அமெரிக்காவிலும் அதே வருடங்களில் தனியாக இதே பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். எதிரியின் பயிரை அழிக்கலாமே என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருந்ததால் போர் முடியும் வரை விஷயம் ரகசியம். 1945-ல் கதவு திறந்தது. அமெரிக்காவில் 'வீடோன்' என்ற பெயரில் 2,4-டி கடைக்கு வந்தது, 1946-ல் இங்கிலாந்தில் எம்.சி.பி.ஏ. 'மெத்தாக்சோன்' என்ற பெயரில் வந்தது. முன்பு மயில்துத்தம் கிலோக்கணக்கில் கரைத்த இடத்தில் இது ஏக்கருக்கு அரைக்கிலோவுக்குள் போதும். விலையும் மலிவு. கோதுமை விளையும் நாடுகளில் இது காட்டுத்தீ போலப் பரவியதில் ஆச்சரியமில்லை. புல்வெளிகளிலும் அப்படியே. மாடு மேய்கிற புல்லை விட்டுவிட்டு, மாடு தொடாத அகன்ற இலைச் செடிகளை மட்டும் அழிக்கிறதென்றால் பண்ணைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

புதுச்சேரிக்காரன் என்ற முறையில் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பலர். 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் வியட்நாம் காடுகளின் மேல் களை மருந்தைக் கொட்டிய செய்தி வந்தபோது, மற்ற ஊர்களைவிட எங்கள் தெருவில் அது அதிகம் பேசப்பட்டது. 'ஆரஞ்சு' என்று பெயரிட்ட அந்தக் கலவையில் பாதி இந்த 2,4-டி, மறு பாதி 2,4,5-டி. தலைமுறை தாண்டிப் பிள்ளைகளைப் பாதித்ததாகச் சொல்லப்படும் டயாக்சின் என்ற நஞ்சு கலந்திருந்தது அந்த மறு பாதியில். நம் கடையில் விற்பது அது அல்ல. இதை ஒழுங்காகப் பிரித்துச் சொல்லாமல் பயமுறுத்துகிறவர்களும் உண்டு, ஒன்றுமே இல்லை என்று மறைக்கிறவர்களும் உண்டு. இன்னொரு விசித்திரம், வியட்நாமில் நெல் வயலை அழிக்க இந்த ஆரஞ்சு போதவில்லை. நெல் புல் சாதியாயிற்றே! அதற்காக ஆர்சனிக் கலந்த 'நீலம்' என்ற வேறொரு மருந்தைக் கொண்டு வந்தார்கள்.

இந்தியாவில் களைக்கு ரசாயனம் அடித்த முதல் முயற்சி 1937-ல் பஞ்சாபில் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. காட்டுக் குசும்பா என்ற முட்செடிக்குச் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். இதே ஆர்சனைட்டைத்தான் மலேயா ரப்பர் தோட்டங்களில் நம் தமிழ்க் கூலிகள் முதுகில் சுமந்து தெளித்தார்கள். அது பயிர், களை என்று பார்க்காது, ஆள், மாடு என்றும் பார்க்காது. சுதந்திரத்துக்குப் பின் 2,4-டி வந்தது. 1952-ல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் நெல், கோதுமை, கரும்பு மூன்றிலும் பல மாநிலங்களில் சோதனைத் திட்டம் தொடங்கியது.

தமிழ்நாட்டில் நெல்லுக்கு வந்த பெயர் பெர்னாக்சோன். வெள்ளைப் பொடி, 80 சதவீதம். ஹெக்டேருக்கு ஒன்றேகால் கிலோவை 625 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நட்ட மூன்றாம் வாரம், களை மூன்று நாலு இலை விட்டிருக்கும்போது அடிக்க வேண்டும். ஏக்கருக்கு என்றால் அரைக்கிலோ பொடி, 250 லிட்டர் தண்ணீர். துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்திருக்கும் இந்தக் கணக்கை எத்தனை முறை தட்டச்சு செய்தேனோ, இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நெல்லுக்குச் சரி. சங்கரன்கோவில், கோவில்பட்டி வட்டாரத்தின் கரிசலுக்கு? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

கோவில்பட்டியில் 1901-லிருந்தே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. மானாவாரிக் கரிசலுக்கென்று ஏற்பட்டது. அந்தக் காலக் கரிசல் காட்டை நினைத்துப் பாருங்கள். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. சோளம் என்றால் தனிச் சோளமா? ஊடே தட்டாம்பயறு, பாசிப்பயறு, உளுந்து, ஓரத்தில் ஆமணக்கு, சாலுக்குச் சால் துவரை. அடுத்த புஞ்சையில் பருத்தி. சோளம், கம்பு நீங்கலாக எல்லாமே அகன்ற இலை. ஒரு மழை பொய்த்தாலும் ஏதாவது ஒன்று கை கொடுக்கட்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாடு அது. அங்கே கொண்டுபோய் அகன்ற இலையைக் கொல்லும் மருந்தை அடித்தால் சோளம் மட்டும் தனியே நிற்கும், பயறெல்லாம் முறுக்கிக் கொண்டு சாகும். மருந்து தேர்ந்தெடுத்துக் கொல்கிறது என்பது உண்மை. அந்தத் தேர்வு ஐரோப்பாவின் தனிப்பயிர் வயலுக்கு ஏற்ற தேர்வு.

அதிலும் பருத்தி இருக்கிறதே, 2,4-டிக்குப் பருத்தியைப் போலப் பயப்படும் பயிர் வேறில்லை. அடுத்த வயலில் அடித்த சாரல் காற்றில் வந்தாலே போதும். எஸ்டர் வகை மருந்தென்றால் அடித்த பிறகு ஆவியாகவும் கிளம்பிப் போகும்.

1970-களின் பின்பாதியில், நான் குமாஸ்தாவாக இருந்த ஒரு டெப்போவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு சம்சாரி, இரண்டு ஏக்கர் பருத்தி. மழை நன்றாகப் பெய்த வருடம், செடி நெஞ்சு உயரத்துக்கு வரும் என்று சந்தோஷமாக இருந்தார். காய்ப்புழு வருமுன் பூச்சி மருந்து அடிக்க டெப்போவில் ஸ்பிரேயரை வாடகைக்கு எடுத்துப் போனார். பத்து நாளில் கையில் ஒரு கொத்து இலையோடு வந்து நின்றார். பருத்தி இலையாகவே இல்லை. வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்து, நரம்பெல்லாம் இணையாக ஓடி, சுருண்டு கிடந்தது. பார்த்தவர் ஒருவர் வைரஸ் நோய் என்றார். இன்னொருவர் கலப்பட மருந்து என்றார். மருந்து வாங்கிய ரசீதைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தது. ரசீது சரியாக இருந்தது. அதன் பக்கத்திலேயே ஸ்பிரேயர் வாடகைப் பதிவேடு. அவர் எடுத்துப் போனதற்கு முந்தின நாள் அதே எண் ஸ்பிரேயர், குளத்துப் பாசன நெல்லுக்குப் பெர்னாக்சோன் அடிக்கப் போயிருக்கிறது. சாயங்காலம் திரும்பி வந்தது, காலையில் பருத்திக் காட்டுக்குப் போனது. நடுவில் கழுவியதாக எந்தக் குறிப்பும் இல்லை.

டேங்க் அடியிலும் ரப்பர் குழாயிலும் ஒட்டியிருந்த மிச்சம்தான் இரண்டு ஏக்கரையும் முடித்தது. இதைச் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த விஞ்ஞானி ஒருவர் இலையைக் கையில் வாங்கிய உடனே, "களை மருந்து அடிச்ச பம்பா?" என்று கேட்டார். சம்சாரி நஷ்ட ஈடு கேட்டு மனுக் கொடுத்தார். கோப்பு மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், விதிகளில் இடமில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பியது. வெள்ளம், வறட்சி, தீ எல்லாவற்றுக்கும் தலைப்பு உண்டு, கழுவாத ஸ்பிரேயருக்குத் தலைப்பு இல்லை. அவர் பருத்தியை உழுதுவிட்டுத் தாமதமாகக் கொத்தமல்லி விதைத்தார். அந்த வருடம் அவர் வீட்டுக் கல்யாணம் ஒன்று தள்ளிப் போனது. டெப்போவில் ஒரு ஸ்பிரேயருக்குச் சிவப்புப் பட்டை அடித்து, 'களை மருந்துக்கு மட்டும்' என்று எழுதினார்கள்.

சோளத்தில் மட்டும் இந்த மருந்துக்கு நியாயமான ஒரு வேலை இருந்தது. சுடுமல்லி. பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். சின்னப் பூ, அழகான செடி. மண்ணுக்குள் சோள வேரைக் கவ்வி உறிஞ்சிக் கொண்டிருந்துவிட்டுத்தான் வெளியே தலை காட்டும். அது தெரிவதற்குள் சோளம் மழை பெய்தும் வாடினாற்போல் நிற்கும். ஒரு செடியில் பல்லாயிரம் விதை, தூசியைவிடச் சிறியவை, மண்ணில் பல வருடம் உறங்கும். பிடுங்கிச் சலித்தவர்கள், பூக்கும் முன் 2,4-டி அடித்தால் அடுத்த வருடத்து விதையையாவது தடுக்கலாம் என்று கண்டார்கள். 1956-ல் அமெரிக்காவில் கரோலினா மாநிலங்களின் மக்காச்சோளத்தில் இனம் தெரியாத நோய் ஒன்று பரவியபோது, அங்கே படிக்கப் போயிருந்த ஓர் இந்திய மாணவர்தான் செடியைப் பார்த்து இது எங்கள் ஊர்க் களை என்று சொன்னாராம். அமெரிக்க அரசு சட்டம் போட்டு, எல்லை வகுத்து, இதே 2,4-டியை அடித்து, பிற்பாடு எத்திலீன் வாயுவை மண்ணில் செலுத்தி விதையை முளைக்க வைத்தே கொன்று, பல பத்தாண்டுகளில் அதை ஏறக்குறைய ஒழித்தது. நம் ஊரில் சுடுமல்லி குறைந்ததற்குக் காரணம் வேறு. சோளம் போடுவதையே விட்டுவிட்டோம்.

அகன்ற இலையை அழித்தால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்ற கேள்விக்குப் பஞ்சாபும் ஹரியானாவும் பதில் சொல்லின. அங்கே கோதுமையில் 2,4-டி அடித்துப் பத்துவாக் கீரை போன்றவற்றை அடக்கினார்கள். குட்டைக் கோதுமையும் தண்ணீரும் உரமும் சேர்ந்த இடத்தில் குல்லி டண்டா என்ற புல் களை தலையெடுத்தது. கதிர் வரும் வரை அதற்கும் கோதுமைக்கும் வித்தியாசம் தெரியாது. 2,4-டி அதைத் தொடாது, அதுவும் புல். அதற்கென்று ஐசோப்ரோட்டுரான் என்ற மருந்து வந்தது. வருடா வருடம் அதையே அடித்து, 1990-களின் தொடக்கத்தில் அந்த மருந்துக்கும் சாகாத குல்லி டண்டா ஹரியானாவில் கண்டுபிடிக்கப்பட்டது. சில விவசாயிகள் விளைந்து வந்த கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள்.

நம் கரிசலில் அகன்ற இலைக் களை என்றால் என்னென்ன என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, பருப்புக்கீரை, குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி, மூக்கிரட்டை. முதல் நான்கும் கறி, பின் நான்கும் வைத்தியம். மருந்தே மருந்தை அழிக்கிறது. கார்த்திகையில் களையெடுத்துவிட்டு வரும் பெண்கள் மடியில் கூலியோடு ஒரு கட்டுத் தொய்யக்கீரையும் கொண்டு வருவார்கள். புஞ்சைக்காரர் அதற்குக் கணக்குக் கேட்டதில்லை. கீரை வீட்டுக்கு, மிச்சக் களை ஆட்டுக்கு. எந்த அலுவலகப் புள்ளிவிவரத்திலும் இந்த வரவு ஏறியதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன், அந்தப் படிவங்களை நிரப்பியவன் நான்.

அதற்காகக் கைக்களை காலத்தைப் புகழ்வதும் சரியில்லை. நாள் முழுக்கக் குனிந்து களைக்கொத்தைப் பிடித்த பெண்களின் இடுப்பை யாரும் கேட்டதில்லை, கூலியோ மிகக் குறைவு. இன்று களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று புஞ்சைக்காரர் அலுத்துக் கொள்கிறார். ஆள் கிடைக்காதது அந்தப் பெண்களின் பிள்ளைகள் படித்ததால் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கமெல்லாம் மக்காச்சோளம். தனிப்பயிர், புல் சாதி, கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதாவது களை மருந்துக்கு ஏற்றபடி காடே மாறிவிட்டது. விதைத்த உடன் அட்ரசின், பிறகு அகன்ற இலை தென்பட்டால் 2,4-டி. 2015-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2,4-டியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய வரிசையில் வைத்தது. 2020 மே மாதம் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. அதில் 2,4-டியும் இருந்தது, அட்ரசினும் இருந்தது. 2023-ல் வந்த இறுதி ஆணையில் இரண்டும் இல்லை. கடையில் சோடியம் உப்பு, அமைன், எஸ்டர் மூன்றும் கிடைக்கின்றன. வாங்குகிறவருக்கு விலை வித்தியாசம் தெரியும், எது ஆவியாகிப் பக்கத்துப் பருத்திக்குப் போகும் என்ற வித்தியாசத்தைக் கடைக்காரர் சொல்வதில்லை.

தொய்யக்கீரை மட்டும் வரப்பு ஓரங்களிலும் கோவில் நிலத்துத் தரிசுகளிலும் இன்னும் முளைக்கிறது. மழைக்காலத்தில் காலைச் சந்தைக்கு இரண்டு மூன்று பாட்டிமார் கொண்டு வருகிறார்கள். எங்கே பறித்தது என்று கேட்டு வாங்குவது என் மனைவியின் வழக்கம். "மருந்து அடிக்காத காடு தாயி" என்று அவர்களே முந்திக் கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.